பொத்தான் கேள்வி

சுஜாதாவை எனக்குப் பிடிக்காது. செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆய்வு ஊழியர் அவள். சொந்த ஊர் திருப்போரூர் பக்கம். அப்பா நிலத்தை மனை போட்டு விற்ற வருஷம் நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டாள். எட்டு வருஷமாக நோயாளிகளுக்குப் படிவம் வாசிக்கிறாள், திட்டுவதுபோல.

என் பெரியம்மா தனகோடிக்கு மார்பகப் புற்றுநோய். கீமோவால் விரல்கள் எவ்வளவு மரத்துப்போகின்றன, நரம்பு கெடுவதை ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம் காட்டிக்கொடுக்குமா என்பது டாக்டர் ஹரிசங்கரின் ஆய்வு. பெரியம்மாவையும் அதில் சேர்த்திருந்தார்கள். ஐந்தாவது கீமோவுக்கு நான் கூடப் போனேன்.

"சட்டைப் பொத்தான் போடுவதில் சிரமம் உண்டா?" என்று சுஜாதா வாசித்தாள்.

"நான் எங்கம்மா சட்ட போட்டேன்? ஒண்ணும் இல்ல."

சிரமம் இல்லை என்று சுஜாதா பூஜ்யம் போட்டாள். நிமிர்ந்தவள் சட்டென்று பெரியம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். விரல் நுனியெல்லாம் கொப்புளம்.

"இன்னாக்கா இது?"

பெரியம்மா சிங்கப்பெருமாள் கோயிலில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். "இட்லி எடுக்கறது. இப்பல்லாம் சூடே தெரியறதில்ல. நல்லதாப் போச்சு, வேல சீக்கிரம் ஓடுது."

"வெந்து போய் கீது, இளிக்கிற?"

"ஏய், வார்த்தையப் பாத்துப் பேசு!"

சுஜாதா எங்களை டாக்டர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "அந்தப் புரதம் மூணு மடங்கு ஏறிக்கீது சார். படிவத்துல பூஜ்யம். இந்தக் கையப் பாருங்க. முழு டோஸ் போடாதீங்க."

டாக்டர் பார்க்கவில்லை. "கேள்விக்கு அவங்க பதில் சொல்லிட்டாங்க. முழு டோஸ் எடுத்தவங்கள்ல இன்னும் ஒருத்தர் குறைஞ்சா என் கட்டுரை நிக்காது."

"இவங்க பொறந்ததுலேர்ந்து பொத்தான் வெச்ச சட்டையே போட்டதில்ல சார்."

"நர்சிங்கே முடிக்காதவங்க எனக்குப் பாடம் எடுக்காதீங்க."

சுஜாதாவின் முகம் கறுத்தது. நாற்காலியில் தொங்கிய அவருடைய வெள்ளைக் கோட்டை உருவிப் பெரியம்மாவுக்கு மாட்டிவிட்டாள். "பொத்தானப் போடுக்கா. கையப் பாக்காத. என்னப் பாரு."

பெரியம்மா தடவினாள். பொத்தான் நழுவியது. மறுபடி தடவினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்துக்கொண்டு, "போட்டுட்டேன், போதுமா?" என்றாள்.

கோட்டு திறந்தே கிடந்தது. குனிந்து பார்த்த பெரியம்மாவின் வாய் கோணியது.

டாக்டர் படிவத்தை வாங்கிப் பூஜ்யத்தை அடித்தார். மருந்துச் சீட்டில் அளவைக் குறைத்து எழுதினார். "நாளையிலிருந்து நீங்க இந்த ஆய்வுல இல்ல, சுஜாதா."

வெளியே வந்ததும் பெரியம்மா கத்தினாள். "என் மருந்தக் கொறைச்சிட்டியேடி பாவி! நோவு திரும்பி வந்துச்சு, உன் வூட்டுக் கதவ ஒடைப்பேன்."

"வந்து ஒட. கதவ இடிச்சா கைக்குத் தெரியணுமில்ல, அதுக்குத்தான் கொறைச்சது."

அவளை அறைய வேண்டும்போல எனக்கு இருந்தது. பெரியம்மா காறித் துப்ப இடம் தேடினாள். கிடைக்காமல் எச்சிலை விழுங்கிக்கொண்டு கீமோ அறைக்குள் போனாள்.