காபி கணக்கில் வராத வீடு

யாகொதினா ஊர்க் கல்யாணங்களில் பாடுகிற பிசேர்காவுக்கு மேடையில் பயம் என்பதே கிடையாது. குடித்துவிட்டு மேசைமேல் ஏறுகிற மாப்பிள்ளைத் தோழர்களை ஒரே முறைப்பில் இறக்கி உட்கார வைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை ஓடி வந்திருக்கிறாள். முதல் தடவை வாசலோடு. இரண்டாம் தடவை கட்டில் வரை போய்ப் படுத்துவிட்டு, செருப்பைக்கூட விட்டுவிட்டு.

இருபத்து நான்கு வயதில் அவளுடைய இசைக்குழுக்காரன், "குரல் இருக்கு தாயி. ஆனா ஜனங்க பார்த்துட்டுத்தான் கேட்பாங்க" என்றான். அதைக் கேட்டு தலைநகர் பெல்கிரேடுக்குப் போய் மார்பில் சிலிகான் பைகள் வைத்துக்கொண்டு வந்தாள். அவன்மேல் தப்பில்லை என்பாள் பிசேர்கா. நம் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டிய ஆள்தான் அவன். கல்யாணங்கள் பெருகின என்பதும் நிஜம். மாமியார் விதோசவா மட்டும் விடவில்லை. மருமகள் சமையலறைக்குள் நுழைந்தாலே, "பலூன் ரெண்டும் வந்தாச்சு, ஜன்னலைச் சாத்துங்கடா, பறந்துடப் போகுது" என்பாள். இருபது வருஷத்துக்கு மேலாக இதே பாட்டு.

போன குளிர்காலத்தில் இடது பை உள்ளேயே கிழிந்துவிட்டது. அந்தப் பக்கம் கல்லாக இறுகியது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. பாட்டில் இழுத்துப் பிடிக்க வேண்டிய இடத்தில் மூச்சு பாதியில் நின்றது. புதிதாக மாற்றி வைக்கலாம் என்றார் டாக்டர். "வேண்டாம், ரெண்டையும் எடுத்துடுங்க" என்றாள் பிசேர்கா. வாய்க்கு வந்த தைரியம் காலுக்கு வரவில்லை. மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்கவே மாட்டோம் என்று நினைத்தாலே கால் வாசலைத் தேடியது. மூன்றாம் தடவையும் ஓடினால் இனி இந்தப் பக்கமே வர மாட்டாள். அது அவளுக்கே தெரியும்.

இப்போது அந்த மூன்றாம் தடவை. டாக்டர் நீல மையால் மார்பில் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். எட்டு மணிக்கு ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா காகிதத்தோடு வந்தாள்.

"ராத்திரிக்கு அப்புறம் ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

"தண்ணி?"

"ஒரு சொட்டு இல்லை."

"காபி?"

"குடிச்சேன். ஆறு மணிக்கு."

பேனா நின்றது. "இப்பத்தானேம்மா ஒண்ணும் இல்லைன்னீங்க?"

"காபிதானே டாக்டர்!" பிசேர்காவுக்கு நிஜமாகவே புரியவில்லை. அவர்கள் வீட்டில் காபி என்பது முகம் கழுவுகிற மாதிரி. அதை யாரும் குடித்ததாகச் சொல்லிக்கொள்வதில்லை.

"கூட என்ன?"

"ஒரே ஒரு துண்டு லோகும்."

"மிட்டாய் வேறயா! இந்த ஊர்ல எல்லாரும் பட்டினின்னுதான் வர்றீங்க, வயித்துல காபி மண்டியோட. மயக்கத்துல அது மேலே ஏறி நுரையீரலுக்குப் போனா யார் பதில் சொல்றது?" டாக்டரம்மா காகிதத்தை மடித்தாள். "முன்னாடி இருக்கிற கேஸ் சீக்கிரம் முடிஞ்சா ஒரு மணிக்கு. இல்லேன்னா அடுத்த மாசம்."

பிசேர்கா அறையை விட்டு வெளியே வந்தாள். நடைபாதை பெஞ்சில் விதோசவா பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிசேர்காவின் புருஷன் ராதோயித்சா ரத்தம் என்ற சொல்லுக்கே தலை சுற்றுகிறவன்; கீழே காரிலேயே இருந்தான்.

"அத்தை, காபியை நீங்கதானே கொடுத்தீங்க? அன்னிக்கு டாக்டர் எதுவும் கூடாதுன்னு சொல்லும்போது பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன்."

"அப்ப வேணும்னே கொடுத்தீங்களா?"

விதோசவா பிளாஸ்க் மூடியை இன்னும் இறுகத் திருகினாள். "என் தங்கச்சி குடல்வால் ஆபரேஷனுக்குன்னு போய்ப் படுத்தவ, எழுந்திருக்கவே இல்லை. ரெண்டு தடவை நீயே ஓடி வந்துட்டே, சரின்னு இருந்தேன். இந்தத் தடவை உன் மூஞ்சியைப் பார்த்தா ஓடற மாதிரி தெரியலை. அதான் காபியை ஊத்திக் கொடுத்தேன்."

"பலூன், பலூன்னு இத்தனை வருஷம் என்னைக் கரிச்சுக் கொட்டினீங்களே!"

"சொல்வேன். இன்னும் சொல்வேன். சொல்றதுக்கு நீ இருக்கணுமேடி!"

பிசேர்காவுக்கு வந்த கோபத்தில் அழுகையும் சேர்ந்து வந்தது. பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கவில்லை. மாமியாரின் பயம் மருமகளுக்கும் தொற்றிக்கொண்டது. நீலக் கோடுகள் அரித்தன. எழுந்திருக்காமல் போன அந்தத் தங்கச்சி எப்படி இருந்திருப்பாள் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"கிளம்பிடலாமா?" என்றாள் விதோசவா மெதுவாக. "கார் நிக்குது."

பிசேர்கா எழுந்தாள். பையிலிருந்து கோட்டை எடுத்தாள். வலது கை நுழைந்தது. இடது கையைப் பின்னால் கொண்டுபோனபோது மார்புக்குள் சுரீரென்று இழுத்தது, கண் இருட்டியது. மறுபடி முயன்றாள். முடியவில்லை. கோட்டு ஒரு தோளில் தொங்க, நடைபாதை நடுவில் நின்றாள்.

"ஒரு கோட்டைப் போட முடியலை அத்தை. இதோட எங்கே போறது?"

திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

பன்னிரண்டே முக்காலுக்குத் தள்ளுகட்டில் வந்தது. விதோசவா அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதவு வரை கூடவே ஓடினாள். "எழுந்திருக்காம மட்டும் இருந்து பாரு, உன்னைத் தொலைச்சுப்புடுவேன்!" என்று நடைபாதையே கேட்கக் கத்தினாள். நர்ஸ்தான் அவள் கையைப் பிரித்துவிட்டாள்.

கண் திறந்தபோது சாயங்காலம். இரண்டு விலாவிலும் குழாய்கள். மார்பைச் சுற்றி இறுக்கமான கட்டு. குனிந்து பார்த்தால் வயிறு நேராகத் தெரிந்தது. இருபத்து மூன்று வருஷமாகத் தெரியாதது. பார்க்கப் பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு பயந்து பயந்து மூச்சை இழுத்தாள். வலித்தது. ஆனால் பாதியில் நிற்காமல் அடிவரை போயிற்று. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். போயிற்று.

பக்கத்து நாற்காலியில் விதோசவா. உதடெல்லாம் வறண்டு, மடியில் அதே பிளாஸ்க்.

"காபி இருக்கா அத்தை?"

"காலையில போட்டதுல நீ குடிச்சது போக அப்படியே இருக்கு. நர்ஸைக் கேட்டுட்டுத் தர்றேன்."

"அப்படியேவா? நீங்க குடிக்கலையா?"

"இன்னிக்கு நீ கண் முழிக்கிற வரைக்கும் நான் எதுவும் சாப்பிடலை, குடிக்கலை."

"காபி?"

"அதையும் சேர்த்துத்தான்டி சொல்றேன்" என்றாள் விதோசவா.