முழு விவரம் கொடுத்தால்தான் பதில்

இந்த மாதிரி விஷயங்களை நான் நம்புகிற ஆள் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பதினேழு வருஷமாக பாய்லர் ஓட்டுகிறேன். இங்கே கம்பெனிக்குக் கம்பெனி ஒரு பேய் உண்டு. பழைய ஷெட்டில் வெள்ளைப் புடவை, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கொலுசுச் சத்தம் என்று ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாற்றிச் சொல்வார்கள். நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பேய்க்கு கேட் பாஸ் யாரு குடுத்தது?" என்பேன். அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

இணையத்தில் தமிழில் ஒரு தொழில்நுட்ப மன்றம் இருக்கிறது, பெயர் வேண்டாம். மோட்டார், கம்ப்ரஸர், பாய்லர் என்று பிரிவு பிரிவாக இருக்கும். யார் வேண்டுமானாலும் கேள்வி எழுதலாம், தெரிந்தவர்கள் இலவசமாகப் பதில் எழுதுவோம். பாய்லர் பிரிவுக்கு நான்தான் அட்மின். ஆரம்பாக்கத்திலிருந்து காலை ரயிலில் வரும்போதும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் அதுதான் எனக்கு வேலை. "போன்லயே குடும்பம் நடத்து" என்று என் மனைவி திட்டாத நாள் கிடையாது.

சும்மா உதவி செய்கிறோம் என்றால் ஜனங்கள் எப்படி ஆகிவிடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. "பாய்லர் ஓடல, இன்னா பண்றது?" அவ்வளவுதான் கேள்வி. என்ன பாய்லர், எத்தனை டன், என்ன எரிக்கிறீர்கள், ஒன்றும் இருக்காது. நான் என்ன ஜோசியனா? ஒரே கேள்வியை நான்கு இடத்தில் ஒட்டிவிட்டு அரை மணி நேரத்தில் "யாருமே இல்லையா" என்று கோபப்படுவார்கள். பதில் கிடைத்ததும் ஆள் காணாமல் போய்விடுவார், சரியாச்சா இல்லையா என்று ஒரு வார்த்தை கிடையாது. ஒருத்தன் எங்கிருந்தோ சுட்ட வெளிநாட்டு பாய்லர் படத்தைப் போட்டு "எங்க மில்லுது" என்றான், அதற்கு நான் அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். எல்லாம் சேர்ந்து ஒரு நாள் எரிச்சலில் விதிமுறை எழுதி பிரிவின் உச்சியில் ஒட்டினேன். தலைப்பில் அர்ஜண்ட் என்று போடாதே, பாய்லரின் பெயர்ப்பலகையைப் பார்த்து முழு விவரம் எழுது, என்னென்ன செய்து பார்த்தாய் என்று சொல், படம் போடு, படத்தில் உன் பெயரும் தேதியும் நேரமும் எழுதிய துண்டுச்சீட்டு தெரியவேண்டும். கடைசி வரி, முழு விவரம் கொடுத்தால்தான் பதில். எனக்கு அதில் பெருமை வேறு, மற்ற பிரிவுக்காரர்கள்கூட அதை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கேன்டீனில் சாப்பாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு போனைத் திறக்கிறேன், ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு ஒரு புதுக் கேள்வி வந்திருக்கிறது. ஏழுமலை என்று ஒருத்தர், மன்றத்தில் அன்றுதான் சேர்ந்தவர். "அர்ஜண்ட் சார். ரைஸ் மில் பாய்லர். கிளாஸ்ல தண்ணி தெரில. பம்ப் போடலாமா. ஓனர் போன் எடுக்கல. யாருனா சொல்லுங்க."

பாய்லரின் முகத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் நிற்கும், உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அதில் தெரியும். அதில் தண்ணீர் தெரியவில்லை என்றால் உள்ளே இரும்பு வெறும் சட்டியாகக் காய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது தண்ணீர் விடவும் கூடாது, பட்டதும் வெடிக்கும்; சும்மாவும் வெடிக்கலாம், பக்கத்தில் நிற்கவும் கூடாது. அடுப்புக்குத் தீனி போடுவதை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே ஓட வேண்டும். பாய்லர்காரனுக்கு இது முதல் நாள் பாடம். ஒரு வரியில் எழுதிவிடலாம்.

எனக்குப் பதில் தெரியும். படித்த அந்த நொடியே தெரியும், இதை நான் மறைக்கவில்லை. ஆனால் கண்ணில் முதலில் பட்டது அர்ஜண்ட்தான். முந்தின வாரம் அர்ஜண்ட் என்று எழுதிய ஒருத்தன் பாய்லருக்கு என்ன கலர் பெயிண்ட் அடிக்கலாம் என்று கேட்டிருந்தான். இவனும் அந்த ரகம் என்று நினைத்தேன், ஒரு கை சோற்றில் இருந்தது, இன்னொரு கையால் விதிமுறையை அப்படியே எடுத்து ஒட்டினேன். மணி ஒன்று பதினான்கு. கீழே ஒரு வரி சொந்தமாகவும் சேர்த்தேன், "அர்ஜண்ட் என்று எழுதினால் அட்மின் உங்கள் வேலைக்காரன் ஆகிவிட மாட்டான்." பிறகு சாம்பாரை ஊற்றிக்கொண்டேன்.

இரண்டே முக்காலுக்குப் பதில் வந்தது. "மன்னிக்கணும் சார். விதி படிச்சேன்" என்று ஆரம்பித்து பாய்லர் எத்தனை டன், எந்த வருஷம் செய்தது, பிரஷர் எவ்வளவு, உமி எரிக்கிறோம் என்று வரிசையாக இருந்தது. சந்தோஷமாகிவிட்டது எனக்கு. இருந்தாலும், "படம் எங்கே?" என்று கேட்டேன். மூன்று நாற்பத்தைந்துக்குப் படமும் வந்தது. கண்ணாடிக் குழாய், பிரஷர் மீட்டர், எல்லாம் பளிச்சென்று தெரிகிற படம், பக்கத்தில் பீடிக்கட்டு அட்டையைக் கிழித்து எழுதிய சீட்டு. இப்படியல்லவா கேட்க வேண்டும் என்று பக்கத்து பாய்லர்காரனிடம்கூடக் காட்டினேன். நாலேகாலுக்கு உட்கார்ந்து நீளமாக, ஒன்றுவிடாமல் பதில் எழுதினேன்.

நன்றி வரவில்லை. அதற்குப் பதிலாக அவர் மேலும் விவரம் அனுப்பிக்கொண்டே இருந்தார். பம்பு எத்தனை ஹெச்.பி., புகைபோக்கி எத்தனை அடி. மறுநாள் காலை ரயிலில் பார்க்கிறேன், உள்ளே எத்தனை குழாய் என்று எண்ணிக்கை. இது என்னடா பேஜாரு, பதிலைப் படிக்காமலே எழுதுகிறாரே என்று, "பதில் சொல்லியாகிவிட்டது, மேலே படியுங்கள்" என்று எரிந்து விழுந்தேன்.

கம்பெனிக்குள் போனதும் ஸ்டோரில் காதர் பாய். பழவேற்காட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர், அவருடைய மச்சான் பெரியபாளையம் பக்கம் அரிசி வியாபாரம் செய்கிறார்.

"இன்னா தயாளா, நியூஸ் தெரியுமா? நேத்து மச்சான் ஜும்ஆ தொழுதுட்டு வந்துக்கினு இருக்கசொல்ல டமால்னு சத்தமாம். ஒன்றரை மணி. ரைஸ் மில்லு பாய்லர் வெட்ச்சி ஷெட்டே இல்ல. ஆபரேட்டரு ஸ்பாட்லயே போய்ட்டாரு."

"பேரு இன்னா பாய்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது.

"ஏழுமலையாம்."

நான் போனை எடுத்து அவரிடம் நீட்டினேன். பாய் ஒவ்வொன்றாகப் படித்தார், பிறகு நேரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இரண்டே முக்கால். மூன்று நாற்பத்தைந்து. ஆள் செத்தது ஒன்றரைக்கு.

நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று தெரியும். சிக்னல் கிடைக்காமல் தாமதமாகப் போயிருக்கும், அவர் போனை வேறு யாராவது எடுத்திருப்பார்கள். நானும் அதைத்தான் சொன்னேன், எனக்கு நானே இருபது தடவை சொல்லிக்கொண்டேன். அதை உறுதி செய்துகொண்டு வந்துவிடலாம் என்றுதான் மூன்றாம் நாள் பாயின் பைக்கில் ஏழுமலை வீட்டுக்குப் போனேன்.

சின்ன வீடு, வாசலில் வாடகை நாற்காலிகள். ஏழுமலையின் மனைவி செல்வி சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மில்லில் கூட வேலை பார்த்த பழனி அங்கேயே இருந்தான், இரண்டு காதிலும் பஞ்சு, தன் குரல் தனக்கே கேட்காததால் கத்திப் பேசினான்.

"நான் பம்ப போடுண்ணா போடுண்ணான்றேன். அவரு போடல சார். 'இர்றா, நெட்ல ஒரு சார் கேட்டுக்கினு இருக்காரு, டீடெய்ல் குடுத்தா தான் சொல்லுவாரு'ன்னாரு. என்ன வெளிய நிக்க சொல்ட்டு, என் பீடிக்கட்டு அட்டைய கிழிச்சி, பேனாவ வாங்கிக்கினு உள்ள போனாரு. பேர்ப்பலகையில உமித்தூசி அப்பிக்கினு இருக்கு, தொட்ச்சி தொட்ச்சி படிச்சிக்கினு இருந்தாரு. அப்டியே..."

பழனி காதுப் பஞ்சை அழுத்திக்கொண்டான். அந்த மனுஷன் ஓடியிருக்கலாம், ஐந்து எட்டு வைத்தால் வெளியே வந்திருக்கலாம். நான் கேட்டேன் என்பதற்காக பாய்லர் பக்கத்தில் நின்று பெயர்ப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

போன் எங்கே என்று பாய்தான் கேட்டார். செல்வி ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து காட்டினார். நசுங்கி, ஒரு பக்கம் உருகி, உள்ளே உமி ஒட்டிக்கொண்டு கிடந்தது. ரெண்டு மணிக்குள் உமிக் குவியலிலிருந்து எடுத்துவிட்டதாகப் பழனி சொன்னான்.

நான் என் போனில் அந்தப் படத்தைத் திறந்து, சீட்டை மட்டும் பெரிதாக்கி செல்வியிடம் காட்டினேன். இது யார் எழுத்து என்று கேட்டேன்.

"அவரு எழுத்து தாண்ணா" என்று தொட்டுப் பார்த்தார். "ஏழுமலைல 'ழ'வ இப்டித்தான் வால நீட்டி இழுப்பாரு. ரேஷன் பாரத்துல கூட இப்டித்தான் இருக்கும்."

பெயர், அன்றைய தேதி, அதன் கீழே நேரம் மூன்று நாற்பது. படத்தில் பாய்லர் முழுசாக நிற்கிறது, ஷெட்டின் கூரை அப்படியே இருக்கிறது. அதே நேரத்தில் அந்த இடத்தில் இரும்புத் துண்டுகளை கிரேன் வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரும் வழியில் மிச்சம் கிடந்த துண்டுகளையும் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தோம்.

கிளம்பும்போது செல்வி கேட்டார், "அந்த சாரு யாருன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணா? கடசீல அவரு எதுனா பதிலு சொன்னாரா?"

"தெரியாதும்மா" என்றேன். பாய் தலையைக் குனிந்துகொண்டு பைக்கை ஸ்டார்ட் செய்தார். அதன் பிறகு எங்களுக்குள் பழைய பேச்சு இல்லை.

அன்றே விதிமுறையை எடுத்துவிட்டேன். இப்போது யார் எப்படிக் கேட்டாலும், பெயர்கூடச் சொல்லாமல் கேட்டாலும், சோற்றுக் கையோடு பதில் எழுதுகிறேன். அதனால் எனக்கு ஒரு ஆறுதலும் கிடைத்துவிடவில்லை. ஏழுமலையின் கேள்வியைப் பூட்டினேன், யாரும் அதில் எதுவும் எழுத முடியாதபடி. அப்படியும் விவரம் வந்தது. மன்றத்தை நடத்துகிறவரிடம் சொல்லி அவர் கணக்கையே நீக்கச் சொன்னேன், நீக்கினார். பத்து நாள் கழித்து அதே பெயரில் மறுபடி வந்தது. யாரோ பாஸ்வேர்டு திருடி விளையாடுகிறான் என்கிறார் அவர். மற்ற உறுப்பினர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நினைத்துக்கொள்ளட்டும். எப்போதும் பட்டப்பகலில்தான் வருகிறது. சேஃப்டி வால்வு எந்த பிரஷரில் திறக்கும், கதவுக்கு எத்தனை போல்ட்டு, என்று ஒவ்வொன்றாக.

"ஏழுமலை, உமியை நிறுத்துங்கள், தண்ணீர் விடாதீர்கள், வெளியே ஓடுங்கள்." பூட்டைத் திறந்து இதை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அவர் கண்ணில் அது படுவதே இல்லை. இன்னும் ஏதோ ஒரு விவரம் குறைகிறது, அதைக் கொடுத்துவிட்டால் இந்த சார் பதில் சொல்லிவிடுவார் என்றே நினைத்துக்கொண்டு அங்கே நிற்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை வந்ததைச் சொல்லிவிடுகிறேன், இதை பாயிடம்கூட நான் காட்டவில்லை. பாய்லரைப் பற்றிச் சொல்வதற்கு இனி ஒன்றும் இல்லை போல. "ஆபரேட்டர் வயசு நாப்பத்தொண்ணு. உயரம் அஞ்சடி நாலு. ரத்தம் ஓ பாசிட்டிவ். ரெண்டு பொண்ணு சார். பெரிசு பன்னெண்டாவது. சின்னது எட்டாவது, கணக்கு வராது. இன்னும் எதுனா விட்டுப்போச்சா சார்?"