ஜெயக்கொடி கீரை விற்ற வீடுகள்

செஞ்சி கடைத்தெருவில் ஜெயக்கொடியின் சிறுகீரைக்குப் பேரம் பேசினால் கூடையைத் தூக்கிக்கொண்டு போயே விடுவாள். இருபது வருஷமாக அப்படித்தான். அந்தத் திமிருக்கு அவள் கீரையும் இடம் கொடுத்தது.

அனந்தபுரம் சாலையோரம் அவளுக்கு இருபது சென்ட் நிலம். பக்கத்தில் எவனோ கொட்டகை போட்டு, மூன்று வருஷம் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் காய்ச்சினான். அவன் பூட்டிவிட்டுப் போன கையோடு கீரை வெளுத்துக் குறுகியது. யூரியா போட்டாள், குலசாமிக்குப் படையல் வைத்தாள், ஒன்றும் எடுபடவில்லை. பயிர் ஆராய்ச்சி செய்கிற ரஞ்சனி வந்து மண்ணைச் சோதித்து, ஈயம் ஏறிவிட்டது என்றாள். கையில் ஒரு பாக்கெட்டையும் கொடுத்தாள்.

"இது நல்ல பாக்டீரியாம்மா. வேரைச் சுத்தி இருந்துக்கினு ஈயத்தைப் புடிச்சி வைக்கும், செடி தாக்குப்புடிக்கும். ஆனா எலையைச் சோதிக்காம விக்கக்கூடாது."

"ஊரே கிருமியை ஒழிக்க மருந்து வாங்குது. நீ கிருமியையே பாக்கெட் போட்டுக் குடுக்கிற."

கிண்டல் செய்தாலும், மக்கிய எருவில் கலந்து சொன்னபடியே தூவினாள். ஓரத்தில் ஒரு பாத்தியை மட்டும், ஒப்பிட்டுப் பார்க்க, சும்மா விட்டார்கள். இருபத்தைந்தாம் நாள் மற்ற பாத்திகளெல்லாம் பச்சைப் பசேலென்று நின்றன. ஜெயக்கொடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பார்த்தவர்களெல்லாம் அறுக்கச் சொன்னார்கள். ரஞ்சனி சோதிக்க எடுத்துப்போன இலைகளின் ரிசல்ட்டுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சும்மா விட்ட பாத்தியை விட பாதிதாம்மா ஈயம்," என்று ரஞ்சனி சந்தோஷமாகத்தான் வந்தாள். "ஆனா சாப்பிடற அளவுக்கு இன்னும் கொறையல. கீரை வேணாம், சம்பங்கி வையுங்க."

ஜெயக்கொடி பச்சைப் பாத்திகளைத் திரும்பிப் பார்த்தாள். "பாக்டீரியா போட்டே இவ்ளோன்னா, அதுக்கு முன்ன நான் வித்தது?"



கீரையைப் பிடுங்கிக் குழியில் போட்டு மூடிவிட்டு, வெறுங்கையோடு செஞ்சிக்கு பஸ் ஏறினாள். மளிகைக்கடை வள்ளியம்மை தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

"இன்னா ஜெயக்கொடி, ஆளையே காணோம்? எங்க பேரன் உன் கீரையைக் கடைஞ்சி போட்டாத்தான் சோறு துன்றான்."

வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு அவளுக்கு மறந்துபோயிற்று.

"அந்தப் புள்ளையை இட்டுக்கினு போய் ரத்தம் பாருங்கம்மா. ஈயம் இருக்குதான்னு கேளுங்க. என் கீரையாலதான் கேக்கச் சொல்றேன்."

வள்ளியம்மை உள்ளே திரும்பிப் பேரனைக் கூப்பிட்டாள்.

ஜெயக்கொடி அழுதுகொண்டே கீரை வாங்கும் அடுத்த வீட்டுக்கு நடந்தாள். அங்கேயும் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள்.