வெளியில் தொங்கிய பூட்டு

இனாக் ருமேனாவின் வீட்டில் பூட்டு வெளிப்பக்கம் தொங்கினால் உள்ளே ஒரு பெண் இருக்கிறாள் என்று அர்த்தம். லொம்போக் தீவின் வடகரையில், எங்கள் ஊரில், இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

பெண் கேட்டுப் போவது எங்களுக்கு ஒத்துவராத பழக்கம். கேட்டு வாங்கிவர அவள் என்ன கோழிக்குஞ்சா என்று பெண்வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பையனும் பெண்ணும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் கிளம்பிவிட வேண்டும். பையன் தன் உறவில் ஒரு பெரிய மனுஷியின் காவலில் அவளை ஒளித்துவைப்பான். அடுத்து பையனின் ஊர்த்தலைவர் பெண்ணின் ஊருக்குப் போய், உங்கள் பிள்ளை எங்களிடம் பத்திரமாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வருவார். அந்தச் சொல்லுக்குச் செலாபர் என்று பெயர். அது போய்ச் சேரும்வரை பெண் யார் கண்ணிலும் படக் கூடாது. பட்டுவிட்டால் அவளுடைய அண்ணன் தம்பிகள் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விடலாம், குறுக்கே நிற்க யாருக்கும் உரிமை இல்லை.

ஊரில் முதன்முதலாகச் செங்கல் சுவரும் ஓட்டுக்கூரையுமாக எழும்பிய வீடு இனாக் ருமேனாவுடையது. புருஷன் மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வெயிலில் காய்ந்து அனுப்பிய பணம் அது. மூங்கில் தட்டி வீடுகளுக்கு நடுவே அது ஒன்றுதான் வெள்ளையாக நின்றது. சந்தையில் இலைச்சோறு விற்கும் பொம்பிளைக்கு இவ்வளவு பெரிய வீடா என்று வயிறு எரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளே பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து அவள் வாசலில்தான் நின்றார்கள்.

முதலில் பூட்டெல்லாம் கிடையாது. ஒருமுறை பெண்ணின் அத்தை மகன் ஒருவன் தண்ணீர் கேட்பதுபோலக் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டான். கட்டிலில் உட்கார்ந்திருந்த பெண்ணை அரைமணியில் வந்து அழைத்துப் போனார்கள். அந்தப் பையனின் வீட்டார் அதன் பிறகு பல நாள் இனாக் ருமேனாவிடம் சோறு வாங்கவில்லை. அந்த அவமானம் அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அதிலிருந்து அவள் வெளியே போனால் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்புத்துணியில் முடிந்துகொள்வாள். பார்க்கிறவனுக்கு ஆளில்லாத வீடு. “என் வீட்ல இருந்து பல்லி வெளிய போனாலும் எனக்குத் தெரியாமப் போகாது” என்று சந்தையில் பெருமை அடித்துக்கொள்வாள்.

அந்த வருஷம் ஜூலைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூமி குலுங்கியது. கிழக்கே நிறைய வீடுகள் விழுந்தன. எங்கள் ஊரில் பள்ளிவாசல் சுவர் பிளந்தது, வேறு பெரிய சேதம் இல்லை. ஆனாலும் யாரும் வீட்டுக்குள் படுக்கவில்லை. நெல் அறுத்த வயலில் தார்ப்பாய் கட்டி, இமாமும் ஆடும் பக்கத்துப் பக்கத்தில் தூங்கினார்கள். இனாக் ருமேனாவின் வீட்டில் படுக்கையறைச் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை ஒரு விரிசல் ஓடியது. அவள் அரை வாளி சிமெண்டு குழைத்துப் பூசி, மேலே ஒரு பூப்போட்ட துணியைத் தொங்கவிட்டாள். புருஷன் போனில் கேட்டபோது, மற்றவன் வீடெல்லாம் ஆடியது, நம் வீடு அசையவே இல்லை என்றாள். இரவில் அவளும் வயலில்தான் படுத்தாள்.

ஊரே வயலில் கிடந்தால் காவல் எங்கே இருக்கும். அவளுடைய தங்கை மகன் ஜுமாஹிர் அந்தக் களேபரத்தில்தான் மலையூர்ப் பெண் மிஸ்னாவைக் கூட்டிவந்தான். நிலம் ஆடி ஒரு வாரம்கூட ஆகவில்லை, இப்போது இதற்கு என்ன அவசரம் என்று இனாக் ருமேனா திட்டினாள். திட்டிக்கொண்டே விரிப்பை உதறிப் போட்டாள். மிஸ்னா ஒல்லியான பெண். வாய் மட்டும் நீளம். வந்த நாளே சமையலறையில் புகுந்து, மிளகாய்த் துவையலில் இறால் போதாது என்று குறை சொன்னாள். அவளை இனாக் ருமேனாவுக்கு உடனே பிடித்துப்போயிற்று.

செலாபர் மறுநாளே போயிருக்க வேண்டும். ஆனால் ஊர்த்தலைவர் பாக் ஸைனி நிவாரண அரிசிக்காக அலைந்துகொண்டிருந்தார். திங்கட்கிழமை போகிறேன் என்று சொல்லிவிட்டார். அதுவரை இரண்டு ராத்திரி இனாக் ருமேனா மிஸ்னாவுடன் வீட்டுக்குள்ளேயே படுத்தாள். சின்னச் சின்னதாக ஆடும்போதெல்லாம் பெண் எழுந்து உட்கார்ந்தாள். துணியை விலக்கிச் சுவரைப் பார்த்தாள். பூசின சிமெண்டும் வெடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை இனாக் ருமேனா இரவுத் தொழுகைக்குக் கிளம்பினாள். பள்ளிவாசல் முற்றத்தில் பாய் விரித்துத்தான் தொழுகை நடந்துகொண்டிருந்தது. மிஸ்னா வாசல்படி வரை கூடவே வந்தாள். தலையிலும் முகத்திலும் துணி போட்டுக்கொண்டு பொம்பிளைகளோடு பொம்பிளையாக நானும் வந்து உட்காருகிறேனே என்று கேட்டாள். நாளைக்குச் செலாபர் போகப்போகிறது, இன்று ஒரு நாள் பொறு என்றாள் இவள்.

“உங்க வீட்ல கோழிகூட வெளிய படுக்குது இனாக். நான் மட்டும் உள்ளயா?”

“கோழிக்கு நாளைக்குக் கல்யாணப் பேச்சு இல்லையே” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே இவள் கதவைச் சாத்திப் பூட்டினாள். உள்ளேயும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

தொழுகை பாதியில் இருக்கும்போது பூமி எழும்பி இறங்கியது. முதல் தடவை வந்தது இதற்கு முன் ஒன்றுமே இல்லை. விளக்குகள் போய்விட்டன. நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள், பள்ளிவாசலின் கோபுரம் தென்னை மரங்களின் மேல் சாய்ந்தது. கடல் வருகிறது என்று யாரோ கத்த, ஊர் மேட்டை நோக்கி ஓடியது. இனாக் ருமேனா மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினாள். பின்னால் ஜுமாஹிர் ஓடிவந்தான். அவன் வந்து சேர்ந்தபோது அந்த இடத்தில் வீடு இல்லை. புழுதிக்கு நடுவே கதவும் நிலையும் மட்டும் நின்றுகொண்டிருந்தன. அதன் முன்னால் பெரியம்மா வெள்ளைத் தொழுகை அங்கியோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் சாவி இருந்தது.

விடிவதற்குள் மிஸ்னாவை வெளியே எடுத்தார்கள். குளிப்பாட்டியது இனாக் ருமேனாதான். இறந்தவளின் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். போக வேண்டிய செலாபர் இப்படிப் போக வேண்டியதாயிற்று. பாக் ஸைனி முன்கூட்டியே எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். பூட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் மலையூர்க்காரன் அரிவாளோடு இறங்குவான், இருக்கிற சாவு போதாதா என்றார். உள்ளே எதையோ எடுக்கப் போனாள், சுவர் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். ஜுமாஹிர் தலையை ஆட்டினான். இனாக் ருமேனா தலையைக்கூட ஆட்டவில்லை. பேசாமல் இருந்தாள், அதுவே சம்மதமாயிற்று.

மலையூரில் ஒரு வீடுகூட மிச்சமில்லை. மிஸ்னாவின் தாய் ஒரு மாமரத்தடியில் கிழிந்த பாயில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கம் தலைப்பிள்ளை பிறந்ததும் பெற்றவளின் சொந்தப் பெயர் மறைந்துவிடும், இன்னாரின் அம்மா, அவ்வளவுதான். அவள் இனாக் மிஸ்னா. கீழேயிருந்து எங்கள் ஊர்த்தலைவரும் இனாக் ருமேனாவும் பைக்கில் வந்து இறங்குவதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. செலாபர் வந்துவிட்டது என்று நினைத்தாள்.

“நல்லவேளை, ஓடிப் போனா. அவ படுக்குற இடத்துலதான் உத்திரம் விழுந்து கெடக்கு, வந்து பாருங்க” என்றாள். “எந்தப் புண்ணியவதி ஒளிச்சு வச்சாளோ, அவ நல்லா இருக்கணும்.”

இனாக் ருமேனா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மீதியைப் பாக் ஸைனிதான் சொன்னார்.

பிறகு காலம் ஓடியது. அரசாங்கம் வீடு கட்டித் தந்தது. இனாக் ருமேனா தனக்குத் தட்டி வீடே போதும் என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டாள். அதில் ஒரு கதவு உண்டு, தாழ்ப்பாள்கூடக் கிடையாது. பெண்ணை ஒளித்துவைக்க யாராவது கேட்டு வந்தால் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவாள். ஜுமாஹிர் மலேசியாவுக்குப் போய்விட்டான். போகும்போது பெரியம்மாவின் கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டுத்தான் போனான். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவளுக்கு வாய்த்த தண்டனை இனாக் மிஸ்னாவின் அன்புதான். பெருநாளுக்கு ஒரு வாரம் கழித்து வரும் பொதிச்சோற்றுத் திருநாளில், தென்னங்குருத்தில் பின்னி வேகவைத்த சோறும் ஒரு பானை கோழிக்குழம்புமாக அவள் மலையிறங்கி வந்துவிடுவாள். நடக்காத கல்யாணத்துக்குச் சம்பந்தி என்று இவளைக் கூப்பிடுவாள். என் பிள்ளை கடைசியாகச் சாப்பிட்டது உங்கள் கையால்தானே என்பாள். என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள், என்ன பேசினாள் என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். இறாலைக் குறை சொன்ன கதையைக் கேட்டு ஒவ்வொரு வருஷமும் சிரிப்பாள். இனாக் ருமேனா அந்தக் குழம்பை விழுங்க முடியாமல் விழுங்குவாள்.

ஒரு வருஷம் அவள் புதிதாக ஒன்று கேட்டாள். உள்ளே எதை எடுக்கப் போனாள்? பதில் தயாராக இல்லாத கேள்வி. இனாக் ருமேனாவின் வாயில் வந்தது போர்வை. போர்வை எடுக்கப் போனாள் என்று சொல்லிவிட்டாள்.

இனாக் மிஸ்னா குழம்புப் பானையை மட்டும் எடுத்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பிப்போனாள்.

அடுத்த திருநாளுக்கு வந்தபோது அவள் பாதியாகியிருந்தாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. பானையை இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்தாள். ராத்திரியில் தூக்கம் வருவதில்லை என்றாள். பிறகு சொன்னாள்.

“சின்னதுல அவளுக்கு நெஞ்சுச் சளி சம்பந்தி. போத்திக்காம வெளிய உக்காராத, போத்திக்காம உக்காராதன்னு அவ காதுல ஓதிக்கிட்டே இருந்தவ நான். என் பேச்சைக் கேட்டுத்தானே உள்ள போயிருக்கா. நான்தான் அவளைக் கொன்னுட்டேன்.”

இனாக் ருமேனாவுக்கு அப்போதுதான் விளங்கியது. தன் பாவத்தைத் தூக்கி இந்தப் பாவப்பட்டவளின் தலையில் வைத்தாயிற்று, அவளும் ஒரு வருஷமாகச் சுமந்து நடந்திருக்கிறாள். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் மனுஷியே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. மலையூர்க்காரன் அரிவாளோடு வந்தால் வரட்டும்.

எழுந்து போய், அரிசிப் பானைக்குள்ளிருந்து சாவியை எடுத்துவந்து இருவருக்கும் நடுவே வைத்தாள்.

“போர்வை எல்லாம் பொய். அவ வெளிய வரேன்னுதான் கேட்டா. நான்தான் விடல. சுவர்ல விரிசல் இருக்குன்னும் எனக்குத் தெரியும். வெளிய பூட்டிட்டுத் தொழப் போனேன்.”

இனாக் மிஸ்னா சாவியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே பிள்ளைகள் பொதிச்சோற்றைத் தூக்கிப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

“தட்டினாளா?”

“தட்டினா.”

“நீ வந்தியா?” சம்பந்தி என்பதும் இல்லை, நீங்கள் என்பதும் இல்லை.

“வந்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னேன். இருக்கேன் இருக்கேன்னு கத்தினேன். தொழுகை அங்கிக்கு உள்ள சாவி மாட்டிக்கிச்சு. முடிச்சு அவுழல. அவுந்தப்போ வீடு இல்ல.”

இனாக் மிஸ்னா அழுவாள், அறைவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று இனாக் ருமேனா காத்திருந்தாள். அப்படி ஏதாவது செய்ய மாட்டாளா என்று ஏங்கினாள் என்றே சொல்லலாம். அவள் எதுவும் செய்யவில்லை.

“போர்வைக்காகப் போகல” என்றாள் தனக்குத்தானே.

“இல்ல.”

“நான் சொன்னதால போகல.”

“இல்ல.”

சாவியை எடுத்துத் தன் இடுப்புத்துணியில் முடிந்துகொண்டாள். எழுந்தாள். கதவைத் தாண்டும்போது, தாழ்ப்பாள் இல்லாத அந்தக் கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள், பிறகு தள்ளிப் பார்த்தாள். அது இரண்டு பக்கமும் இலேசாக ஆடியது. திரும்பிப் பார்க்காமல் மலைப்பாதையில் ஏறிப் போனாள். வழியில் யாரோ, “இனாக் மிஸ்னா, அதுக்குள்ள கெளம்பிட்டியா?” என்று கேட்டது வீட்டுக்குள் வரை கேட்டது.

அரிவாளோடு யாரும் வரவில்லை. அவளும் வரவில்லை. சந்தையில் எதிர்ப்பட்டால் வேறு சந்தில் நுழைந்துவிடுகிறாள், முகத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது என்கிறார்கள். அவள் விட்டுப்போன குழம்புப் பானை இன்னும் இனாக் ருமேனாவிடம்தான் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்க அவளுக்குக் கால் வரவில்லை. திருநாளுக்குத் திருநாள் அதைப் புளிபோட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, கதவுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு, அன்று முழுக்க வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.