சூசைமுத்துவின் மூக்கு

எங்கள் தோட்டத்தில் சூசைமுத்துவின் மூக்கை மிஞ்ச ஆளில்லை. பதினெட்டு வருடம் பால் ஸ்டோரில் வேலை. வெட்டிக் கொண்டுவந்த ரப்பர் பால் உறைந்துபோகாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்கள். சூசைமுத்து தொட்டியின் மேல் குனிந்து ஒருமுறை மோந்து பார்ப்பார். சுரீரென்று ஏறினால் மருந்து போதும். ஏறாவிட்டால் இன்னும் ஊற்ற வேண்டும். அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

எண்பத்து நான்கில் ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள். ஸ்டோரை மூடிவிட்டு, சூசைமுத்துவைத் துரைமார் கிளப்பின் நீச்சல் குளத்துக்கு மாற்றினார்கள். சருகு விழக்கூடாதென்று அந்தக் குளத்துக்குக் கூரையும் மூன்று பக்கம் பலகைச் சுவரும் உண்டு. தண்ணீரில் எவ்வளவு குளோரின் இருக்கிறதென்று பார்க்க ஒரு சோதனைப் பெட்டி கொடுத்திருந்தார்கள். அதை அவர் திறக்கவே இல்லை. நெடி அடித்தால் மருந்து போதும் என்ற பழைய சட்டம்தான் இங்கேயும்.

தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் அந்தக் குளத்தில் இறங்கக்கூடாது. ஆனால் அவர் மகள் முரியலின் பெயரை மாவட்ட நீச்சல் போட்டிக்கு ஆசிரியை எழுதியிருந்தார். தாயில்லாப் பிள்ளை கேட்டால் பெற்ற மனம் மாட்டேன் என்று சொல்லுமா? விடியற்காலையில், யாரும் வருமுன், தினமும் திருட்டுத்தனமாக இறக்கிவிட்டார்.

இரண்டு மாதத்தில் முரியலுக்குக் கண் சிவந்தது, இருமல் பிடித்தது. மருந்து கூடிப்போய்விட்டது என்று பயந்து குளோரினைப் பாதியாகக் குறைத்தார். நெடி கூடியது. இன்னும் குறைத்தார். நெடி தாங்கவில்லை, மருந்தைக் குறை என்று துரையும் சொன்னார். ஒருநாள் காலை கரையேறிய முரியலுக்கு மூச்சு வரவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. ஈரத்தோடு தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

அங்கே வைத்தியம் பார்க்கும் டிரஸர் வைரவநாதன், யாழ்ப்பாணத்துக்காரர், கோபக்காரர். ஊசி போட்டு மூச்சு திரும்பிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"சூசை, அந்த நெடி குளோரின் இல்லை. வேர்வையும் மூத்திரமும் தண்ணியில கலந்தா, குளோரின் அதோட சேர்ந்து குளோரமைன் எண்டு வேற ஒண்டாப் போகும். கண்ணையும் நெஞ்சையும் எரிக்கிறது அதுதான். குளோரின் குறைஞ்சா அது அப்படியே நிக்கும். நிறையப் போட்டாத்தான் அழியும். நல்ல தண்ணி இப்படி நாறாது."

சூசைமுத்து மகளின் ஈரத் தலையைத் துவட்டினார். பிறகு, "எம் புள்ளைக்காகத்தான் ஐயா கொறைச்சேன்" என்றார். எவ்வளவு போட வேண்டும் என்று டிரஸர் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அன்றே குளத்தைச் சாத்தி, பெட்டியைத் திறந்து, டிரஸர் சொன்ன அளவுக்குக் குளோரினைக் கொட்டினார். மூன்றாம் நாள் நெடி போய்விட்டது. துரை பாராட்டினார். குளத்துக்குள்ளேயே மூத்திரம் போன கிளப்புப் பிள்ளைகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. முரியலுக்கு இழுப்பு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. இனி நீச்சல் வேண்டாம் என்றார் டவுன் டாக்டர். ஆசிரியை அவள் பெயரை அடித்துவிட்டார்.

அதன்பிறகு சூசைமுத்து தினமும் பெட்டியை வைத்துத்தான் பார்த்தார். ஆனாலும் பழக்கம் விடவில்லை. கடைசியில் குனிந்து ஒருமுறை மோந்தும் பார்ப்பார். ஒருநாள் வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய மகளிடம் சொன்னார்.

"இன்னிக்குத் தண்ணி ரொம்ப நல்லாருக்கு, தாயி."

"தெரியும்பா, ஒங்க சட்டையில நெடியே இல்ல" என்று சொல்லிவிட்டு, இருமிக்கொண்டே சப்பாத்துக் கயிற்றைக் கட்டினாள் முரியல்.