அப்பாவின் கல்லுக்கு ஒரு மீன்

கிளிம் அனுப்பிய படத்தில் இருந்தது அட்லாண்டிக் சால்மன். செவுள் மூடியில் கறுப்புப் புள்ளிகள். எங்கள் குரில் ஏரியின் சிவப்புச் சால்மனுக்கு, நெர்காவுக்கு, செவுளில் புள்ளியே கிடையாது. அப்பா வேலைக்காலம் முழுவதும் ஏரி வாசலில், ஆற்றுக்குக் குறுக்கே போட்ட வேலிமேல் நின்று நெர்காவை எண்ணி உள்ளே விட்டவர். அவர் கல்லறைக் கல்லில் கடையில் பெட்டியில் விற்கும் வளர்ப்பு மீன்.

போன் செய்தேன்.

"மீன் மீன்தானே, ஸோயா," என்றான் கிளிம். பள்ளியில் என்னோடு படித்தவன். எங்கள் ஊரில் கல்லில் படம் பொறிப்பவன் அவன் ஒருவன்தான். "வர்றவன் உங்கப்பா மூஞ்சியப் பாப்பானா, மீனோட செவுளப் பாப்பானா?"

"எங்கப்பா செவுளத்தான் பாப்பாரு."

"அவரு கீழ படுத்திருக்காரு."

"அங்கேருந்தும் பாப்பாரு."

மண் இறங்கட்டும் என்று விட்டு, முதல் நினைவு நாளுக்குக் கல் நடுவது வழக்கம். அந்த நாள் நெருங்கிவிட்டது. பொறித்தால் பொறித்ததுதான், கருங்கல்லில் அழிக்க முடியாது.

மீன் வேண்டும் என்றது நானில்லை. அம்மாவின் அக்கா ரயிஸா பெரியம்மா. அடக்கத்தன்று சடங்கு அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆளாளுக்கு ஒன்றையே சொன்னார்கள்: "நெர்கா மாதிரி மனுஷன். பொறந்த தண்ணிக்கே திரும்பிட்டாரு." பெரியம்மா அதைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா, ரோதியோன் இக்னாத்திச், பிறந்தது நாட்டின் மறுகோடியில், ரியாஸானில். இளவயதில் இங்கே, கம்சாத்காவுக்கு வந்தவர் ஒருமுறைகூட அங்கே திரும்பிப் போகவில்லை. நெர்கா ஆற்றில் நுழைந்ததும் தீனியை நிறுத்திவிடும். அப்பா கடைசி மாலையும் இரண்டு தட்டு மீன்சூப் குடித்துவிட்டு உப்பு குறைவு என்றார். நெர்கா முட்டையிட்டதும் செத்துப்போகும். அப்பா என்னைப் பெற்ற பிறகு நெடுங்காலம் இருந்து திட்டிக்கொண்டிருந்தார். எதில் பொருத்தம்?

பெரியம்மாவுக்கு வேறு கவலை.

"சிவப்பா மட்டும் போடச் சொல்லாதடி. சிவந்து, தாடை கொக்கி மாதிரி வளைஞ்சுட்டா அது சாகப்போற மீன்."

"சாகாத மீன் எது பெரியம்மா?"

"அதைக் கல்லறையில வேற எழுதி வெக்கணுமா? கடல்ல இருக்கிறப்ப மாதிரி வெள்ளியா, பளபளன்னு போடு."

"அப்பாவுக்குக் கடலே ஆகாது. இங்க வந்தப்ப கப்பல்ல எடுத்த வாந்தியோட சரி."

இதைக் கேட்ட கிளிம் கடுப்பானான். "கறுப்புக் கல்லுல செவப்பும் வராது, வெள்ளியும் வராது. எல்லாம் சாம்பல்தான். சண்டைய முடிச்சிட்டு ஒரு படம் அனுப்புங்க."

என்னிடம் இருந்த படங்கள் எல்லாம் ஆகஸ்டில் எடுத்தவை. அந்த மாதம்தான் கேமராவோடு கூட்டம் வரும்: சிவந்த மீன், கரடி, கழுகு. அப்பாவுக்கு எரிச்சலாக இருக்கும். "வர்றதைப் பாக்க எல்லாவனும் வர்றான். போறதைப் பாக்க ஒருத்தனையும் காணோம்."

போவது வசந்தத்தில். சரளையில் பொரிந்த குஞ்சுகள் ஓரிரு வருடம் ஏரியில் வளரும். செத்த மீன்கள் அழுகி ஏரிக்கு உரமாகும். அதில் பெருகும் நுண்ணிய உயிரிகள்தான் குஞ்சுகளின் உணவு. பிறகு உடல் வெள்ளியாகி, உப்புத் தண்ணீருக்குத் தயாராகி, கடலுக்கு இறங்கும். விரல் நீளம். பல குஞ்சுகள் வால் முன்னால் போக, தலை ஏரியைப் பார்த்தபடி ஓட்டத்தோடு போகும். அப்பா வேலிப் பலகையில் குப்புறப் படுத்துப் பார்ப்பார்.

அணைக் கட்டுமானம் படிக்க நான் விளாதிவஸ்தோக் கிளம்பிய அன்று விமான நிலையத்திலும் இதே பேச்சுதான். "திரும்பிப் பாத்துக்கிட்டே போனா தப்பில்ல. அதுங்களும் அப்படித்தான் போகுது."

"நேரமாச்சுப்பா," என்றேன்.

கிளிமுக்கு நானே கோடு போட்டு ஒரு குஞ்சின் படத்தை அனுப்பினேன்.

"அவ்ளோ பெரிய கல்லுல விரல் நீளத்துக்கா? நெத்திலின்னு நெனைப்பாங்க."

"நெனைக்கட்டும்."

"தலை எந்தப் பக்கம்?"

"ஏரிப் பக்கம்."

"அப்ப ஏரிக்கு வர்ற மீனு."

"இல்ல. கடலுக்குப் போற மீன்."

"இன்ஜினியரம்மா, உன்கூடப் பேசுறதுக்கு உங்கப்பன்கூடவே பேசிரலாம்."

நினைவு நாளில் பெரியம்மா கல்லின் எதிரே வெகுநேரம் தேடினார். "மீன் எங்கடி?"

அடி ஓரத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இத்தனூண்டா." பெருமூச்சு விட்டு அப்பத்தைக் கல்லடியில் வைத்தார். "வருதா, போகுதா?"

"போகுது பெரியம்மா."

நாங்கள் கல்லின் ஓரமாக, ஏரி இருக்கும் பக்கத்தில் நின்றிருந்தோம்.

"போறது ஏன் நம்மளப் பாக்குது?"

காரணம் உண்டு. ஓட்டத்துக்கு எதிரே தலையை வைத்தால் உடல் நிலைதடுமாறாது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அப்பாவின் வார்த்தை: "திரும்பிப் பாத்துக்கிட்டே போனா தப்பில்ல."