துரைக்கு வளர்த்த புல்

மொரப்பூருக்குப் பக்கத்தில், சுற்றுப்பயணம் வரும் துரைமார்கள் தங்கும் முசாபரி பங்களாவில் நான் தோட்டக்காரனாக இருந்தபோது, எங்கள் ஓவர்சியருக்குப் புல் பைத்தியம் பிடித்தது. யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய கோடை அது. ஊர்க்கிணற்றில் வாளி விட்டால் சேறுதான் வரும். நானோ பங்களாக் கிணற்றிலிருந்து குடம் குடமாகப் புல்லுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு துரை வந்து அதன்மேல் நாற்காலி போட்டுத் தேநீர் குடிப்பாராம். மாடுகூட வாய் வைக்கக் கூடாத புல்! தூ!

காட்டுப் பன்றிகளுக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியாது. ஏரிக்கரையில் வெட்டி வந்து பதித்த புல்லோடு கோரைக்கிழங்கும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அந்தக் கிழங்கைத் தோண்டித் தின்ன ராத்திரியில் பன்றிகள் இறங்கிவிட்டன. விடிந்து பார்த்தால் தரை முழுக்க ஏர் ஓட்டிய மாதிரி கிடந்தது.

"தொரை வர்றதுக்குள்ள இது சரியாகலன்னா உனக்கு வேலையும் கெடையாது, வூடும் கெடையாது" என்றார் ஓவர்சியர். வீடு என்பது பங்களாவின் பின்னால் ஓர் அறை. அதில் என் மனைவி நிறைமாதமாக இருந்தாள்.

எங்கள் பக்கம் கடலைக்காட்டில் பன்றி இறங்காமலிருக்க வரப்போரம் தலைமயிரைத் தூவுவார்கள். மோந்து பார்த்தால் மூக்கில் ஏறிவிடும். பன்றி திரும்பிப் பார்க்காமல் ஓடும். முடிவெட்டுகிறவரிடம் ஒரு கூடை வாங்கி வேலியோரம் தூவினேன். அதன்பிறகு ஒரு பன்றியும் வரவில்லை. குழிகளில் நான் ஒட்டுப் போட்ட புல்லும் வேர் பிடித்தது.

துரை வருவதற்கு முதல் நாள் ஓவர்சியர் கண்ணில் அந்த மயிர் பட்டுவிட்டது.

"ஏன்டா, தொரை நடக்கிற எடத்துல மயிரா? கூட்டித் தள்ளுடா!"

"பன்னி வந்துருமுங்க சாமி."

"தொரை வர்ற நாள்ல எந்தப் பன்னிக்குடா தைரியம் வரும்?"

இப்படியும் ஒரு மூளை! கூட்டித் தள்ளினேன்.

மறுநாள் காலை துரை வண்டியை விட்டு இறங்கியபோது புல்தரை முழுக்கக் குழி. ஓவர்சியர் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். நான் மனதுக்குள் சட்டிபானைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். துரை குனிந்து குளம்புத் தடத்தைப் பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்து, துப்பாக்கியை எடுத்துவரச் சொன்னார்.

நம் ஓவர்சியருக்கு உயிர் வந்தது. "தொரைக்கு வேட்டை புடிக்குமுன்னுதாங்க பன்னிய வரவச்சேன்" என்றார், கொஞ்சமும் கூசாமல். துரை அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அன்றைக்கு முழுக்க அலைந்து துரை சுட்டது ஒரு வேலிக்காலைத்தான். பன்றியை நாலு மாதம் கழித்து வந்து சுடுவதாகச் சொல்லிப் புறப்பட்டார்.

வண்டி மறைந்ததும் ஓவர்சியர் என்னைக் கூப்பிட்டார். புல்லையெல்லாம் பிடுங்கிவிட்டு அங்கே சர்க்கரைவள்ளிக் கொடி நடச் சொன்னார்.

"தொரை வர்ற அன்னிக்குப் பன்னி வரலன்னா உனக்கு வேலையும் கெடையாது, வூடும் கெடையாது."